ஒரே டொக்டருக்கு இரண்டு கதவுகள்

தாதி வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அரசாங்கம் என்னை அனுப்பிவிட்டது. அந்தச் சங்கதி ஹட்டன் பக்கத்து ஆட்களுக்கு இன்னும் எட்டவில்லை போலிருக்கிறது. போன கிழமை கினிகத்தேனையிலிருந்து ஒரு தபால் உத்தியோகத்தர் தொலைபேசியில் கூப்பிட்டார். "மிஸ்ஸி, நம்ம பக்கத்துல அரசாங்கக் காப்புறுதிக்குப் பாக்கிற தோல் டொக்டர் யாராச்சும் இருக்காங்களா?" அதற்கு முன்பு வட்டகொடையிலிருந்து ஒரு அம்மா, இதே கேள்விதான். என்ன வருத்தம், என்ன நோய் என்று திருப்பிக் கேட்டால் குரல் அப்படியே இறங்கிவிடும். இருதயத்தில் கோளாறு என்றால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கும் சொல்வார்கள். முதுகில் ஒரு தேமல் என்றால் வீட்டுக்காரருக்கே சொல்லமாட்டார்கள். எங்கள் ஆட்கள் அப்படித்தான்.

இப்போது தோல் கிளினிக்கில் வேலை செய்கிற தாதிப் பிள்ளைகள் ஆஸ்பத்திரி மலருக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லி என்னை நச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள். "பழைய கதை எதையாச்சும் எழுதுங்க மிஸ்" என்கிறார்கள். பழைய கதை எழுத நான் என்ன மகாராணியா? தொலைபேசியில் வருகிற அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒன்றை எழுதிவிடுகிறேன். இரண்டு வேலையும் முடிந்துவிடும்.

நான் வட்டவளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிய வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். அம்மாவும் அப்பாவும் தோட்டத் தொழிலாளிகள். தாதிப் பயிற்சிக்குப் போனபோது எங்கள் வகுப்பில் மலையகத்துப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணலாம். ஊசி போடப் படித்ததைவிடச் சிங்களம் பேசப் படித்ததுதான் எனக்கு அதிகக் காலம் எடுத்தது. பிறகு பெண்கள் வார்டு, பிள்ளைகள் வார்டு, சத்திரசிகிச்சை என்று மாறி மாறி வேலை செய்தேன். கடைசியில் தோல் கிளினிக்குக்குப் போட்டார்கள். கூட வேலை செய்தவர்கள் என்னிடம் துக்கம் விசாரித்தார்கள். ஒருத்தி கையுறைப் பெட்டியொன்றைப் பரிசாகவே கொடுத்தாள். எனக்கும் உள்ளூரக் கலக்கமாகத்தான் இருந்தது.

அங்கேதான் டொக்டர் விஜேரத்னவிடம் வேலை படித்தேன். காலிப் பக்கத்து ஆள். மெலிந்த உடம்பு, எந்நேரமும் கம்பளிச் சட்டை. எங்கள் ஊர்க் குளிர் அவருக்குக் கடைசி வரைக்கும் பிடிபடவில்லை. முதல் நாளே என்னைப் பார்த்து, "மிஸ்ஸி, இங்கே அவசரப்படக்கூடாது. தோல் எங்கேயும் ஓடிப்போகாது" என்றார் சிங்களத்தில். அவசரமே உருவான என்னிடம் வந்து இப்படிச் சொல்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

கிளினிக் புதன்கிழமைகளில் நடக்கும். விடியற்காலைப் பஸ்களில் தோட்டங்களிலிருந்து வந்து சேருவார்கள். நம்பர் கொடுத்து வாங்கில் வரிசையாக உட்கார வைப்போம். ஆனால் மூடுபனி இருக்கும் வரைக்கும் டொக்டர் வெளிறிய படை உள்ளவர்களை உள்ளே கூப்பிடமாட்டார். சொறி, சிரங்கு, காயம், தேயிலைக்கு மருந்தடித்து வெந்த கால், இவைகளை எல்லாம் முதலில் பார்த்து அனுப்புவார். "டியூப் லைட் பொய் சொல்லும். சூரியன் பொய் சொல்லாது" என்பார். பனி விலகி ஜன்னலில் வெளிச்சம் விழுந்ததும் நாற்காலியை அங்கே நகர்த்திப் போடுவார். நோயாளியின் கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வெறுங்கையால்தான் தொடுவார். பெட்டியாக எனக்குக் கிடைத்த கையுறைகள் பெட்டியிலேயே இருந்தன. வாங்கில் காத்திருக்கிறவர்கள் பனியைத் திட்டுவார்கள், பிறகு என்னைத் திட்டுவார்கள். டொக்டரைத் திட்ட யாருக்கும் மனசு வராது.

ஒரு நாள் சிற்றூழியர் ஒருவர் எங்கள் வாங்கை மட்டும் கிருமிநாசினி ஊற்றி ஊற்றித் துடைத்தார். அதுவும் நோயாளிகள் எழுந்த கையோடு, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. டொக்டர் வெளியே வந்தார். ஈரம் காயாத அந்த வாங்கிலேயே போய் உட்கார்ந்து, மிச்ச நோயாளிகளுக்கு மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். கால்சட்டை நனைந்துபோயிற்று. மறுநாளிலிருந்து எல்லா வாங்குகளையும் ஒரே மாதிரி, கிளினிக் முடிந்த பிறகுதான் துடைத்தார்கள்.

சிரிப்புக்கும் பஞ்சமில்லை. பஜாரில் கடை வைத்திருக்கும் முதலாளி வீட்டு அம்மா ஒருவர் முகமெல்லாம் சிவந்து தடித்து, முக்காடு போட்டுக்கொண்டு, எல்லோரும் போன பிறகு பின்வாசலால் வருவார். வெள்ளையாக்கும் கிரீம் பூசிப் பூசி வந்த வினை. "எங்க வாங்குனீங்க?" என்று கேட்டேன். "எங்க கடையிலதாங்க மிஸ்ஸி, சும்மாதானே கெடக்குதுன்னு..." என்று இழுத்தார். டொக்டருக்கு மொழிபெயர்த்துச் சொல்லவே எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் மட்டும் சிரிக்காமல், அந்தக் கிரீமைக் கடையிலிருந்தே எடுத்துவிடச் சொல்லி அனுப்பினார்.

இனி முத்துலெச்சுமியைப் பற்றிச் சொல்கிறேன். என் வேலைக்காலத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தவள் அவள்தான்.

தை மாதக் குளிரில் ஒரு புதன்கிழமை வந்தாள். கொழுந்து எடுக்கும் பெண், என்னைவிட இரண்டொரு வயது கூட இருக்கும். வலது கையில் தோட்டத்து மருந்துக்காரர் கட்டிவிட்ட துணிக்கட்டு. அவிழ்த்துப் பார்த்தால் விரல்களில் பெரிய பெரிய கொப்புளம்.

"அடுப்புல பட்டுருச்சுங்க மிஸ்ஸி."

"இவ்வளவு வெந்திருக்கு. சுட்டது தெரியலையாக்கா?"

"வெறைச்ச கைக்கு என்னங்க தெரியும்? காலையில பெரட்டுக்குப் போறதுக்கு முந்தி அடுப்புல காட்டினாத்தான் வெரலு மடங்குது. அன்னைக்குக் கொஞ்சம் கிட்டக் காட்டிட்டேன் போல."

இதைக் கேட்டு நான் ஆச்சரியப்படவில்லை. காலையில் ஆள் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்குப் போகுமுன் அடுப்பில் கை காட்டாத வீடு எங்கள் லயங்களில் உண்டா? பனி சொட்டும் செடிக்குள் கையை விட்டுக் கொழுந்து பறித்தால் யாருக்கும் விரல் விறைக்கும். எங்கள் ஆட்களுக்கு விறைப்பு ஒரு வருத்தமே அல்ல. மழை, பனி, அட்டைக்கடி என்பதோடு சேர்ந்த ஒன்று. அதனால் அதை டொக்டரிடம் போய்ச் சொல்லும் பழக்கமும் இல்லை. அவளும் கொப்புளத்துக்குத்தான் மருந்து கேட்டு வந்திருந்தாள்.

டொக்டர் பனி விலகும்வரை அவளை உட்கார வைத்தார். பிறகு ஜன்னலடிக்குக் கூப்பிட்டு, தன்னுடைய உடைந்த தமிழில் கேட்டார்.

"அம்மா, இந்தக் கையும் விறைக்குமா?" இடது கையைத் தொட்டார்.

"அது நல்லாத்தான் இருக்கு சாமி."

"குளிர் ரெண்டு கைக்கும் ஒண்ணுதானே? ஏன் ஒரு கை மட்டும்?"

முத்துலெச்சுமி தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். டொக்டர் விடவில்லை. "பகல்ல, வெயில் நல்லா வந்ததும் விறைப்புப் போகுமா?"

"போகலீங்களே. போன வருசம் செடி கவ்வாத்து வெட்டுனதுல இருந்து இப்படியேதான் இருக்கு" என்றாள். சொல்லும்போதே அவள் குரலில் ஒரு பயம் தட்டியது.

பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. முகத்தை ஜன்னலுக்கு வெளியே திருப்பி வைக்கச் சொன்னார். பஞ்சைத் திரித்து நுனியால் தொட்டார். தொட்ட இடத்தை மற்றக் கையால் காட்ட வேண்டும். இடது கையில் ஒவ்வொன்றையும் சரியாகக் காட்டினாள். வலது கையில் அவர் தொட்டபோது பேசாமல் நின்றாள். அவர் தொடாதபோது, "இந்தா தொட்டீங்க" என்றாள். முழங்கைக்கு மேலே ஒரு படை இருந்தது. மங்கலாக, வறண்டு, வியர்வையே படாமல். டியூப் லைட் வெளிச்சத்தில் நான் அதைப் பார்த்திருக்கவே மாட்டேன். முழங்கை எலும்புக்குப் பின்னால் டொக்டர் விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு என் விரலையும் அங்கே வைத்தார். நரம்பு கயிறு போல் தடித்திருந்தது. கடைசியாக ஒரு துண்டுக் காகிதத்தை அவளுடைய சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் வைத்து, இறுக்கிப் பிடிக்கச் சொல்லி இழுத்தார். காகிதம் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

டொக்டரிடம் ஒரு சட்டம் இருந்தது. நோயின் பெயரை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். "பெயரை நாம் மறைத்தால் மாத்திரையை அவர்கள் மறைப்பார்கள்" என்பார். அதைத் தமிழில் சொல்லும் வேலை என்னுடையது. இத்தனை வருஷத்தில் அது ஒரு நாளும் எனக்குப் பழகவில்லை. கதவைச் சாத்தினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இது தொழுநோய். நம்ம ஆளுங்க பெரிய வியாதின்னு சொல்றது" என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "கை போயிருமா மிஸ்ஸி?" என்று மட்டும் கேட்டாள்.

டொக்டர் சொன்னதை நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மாத்திரை ஒரு வருஷம். மாதம் ஒரு முறை இங்கே வந்து என் கண்முன்னே ஒரு வேளை விழுங்க வேண்டும், மிச்சத்தை வீட்டில். மாத்திரை போட ஆரம்பித்துவிட்டால் மற்றவர்களுக்குத் தொற்றாது. முகமும் தோலும் கறுக்கும், பயப்பட வேண்டாம், மருந்து முடிந்தபின் மெல்ல மெல்ல மாறும். ஒழுங்காகப் போட்டால் கை நிலைக்கும். இடையில் விட்டால் விரல் மடங்கத் தொடங்கும், மடங்கியதை நிமிர்த்த எந்த டொக்டராலும் முடியாது. வீட்டில் இருக்கிறவர்களையும் ஒரு முறை பரிசோதிக்க வேண்டும்.

"வீட்டுல நானும் மகனுந்தான். மகன் கேட்டுக்கு வெளிய தேத்தண்ணிக் கடையில நிக்கிறாரு. உள்ள வரமாட்டாரு மிஸ்ஸி, வாத்தியாரு" என்றாள். மகனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. வெளியே எட்டிப் பார்த்தேன். சலவை மடிப்புக் கலையாத சட்டையோடு ஓர் இளைஞன் கடை ஓரமாக, ஆஸ்பத்திரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

மூன்று மாதம் ஒழுங்காக வந்தாள். கொப்புளம் ஆறியது. சட்டிப்பானையைத் துணி சுற்றித் தூக்கவும், பொழுது சாயும்போது கையைப் புரட்டிப் பார்த்துக் காயம் தேடவும் பழக்கிவிட்டேன். காகிதத்தை இழுத்துப் பார்க்கும்போது கொஞ்சம் பிடிமானம் தெரிந்தது. டொக்டர் சிங்களத்தில் "ஹரி, ஹரி", அதாவது சரி சரி, என்று தலையாட்டினார். அவர் வாயில் அதற்கு மேல் பாராட்டு வராது. ஆனால் முகம் நன்றாகவே கறுத்துவிட்டது. "லயத்துல கேக்குறாங்க மிஸ்ஸி, என்னடி இப்படிக் கறுத்துப் போயிட்டேன்னு" என்று ஒரு முறை சொன்னாள். அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

எனக்குக் கோபமும் கவலையும் ஒன்றாக வந்தன. அவள் தோட்டத்திலிருந்து வரும் ஆட்களிடம் பெயரைச் சொல்லாமல் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். சுகாதாரப் பரிசோதகர் லயத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, "வீட்டுக் காம்பரா பூட்டிக் கிடக்கிறது, மகன் எங்கேயோ கூட்டிக்கொண்டு போய்விட்டாராம்" என்று வந்து சொன்னார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் வாங்கில் முக்காடு போட்ட தலைகளை எல்லாம் எட்டிப் பார்ப்பேன். இந்நேரம் அந்தச் சுண்டுவிரல் எப்படி இருக்கும் என்று சோறு சாப்பிடும்போதுகூட நினைப்பு வரும். டொக்டரும் கிளினிக் முடிகிற நேரத்தில், "அந்தக் கை வந்ததா?" என்று கேட்பார். ஆட்களைக் கையை வைத்துத்தான் அவருக்கு ஞாபகம்.

அந்தக் காலத்தில் டொக்டர் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் ஹட்டன் பஜாரில் ஒரு பாமசியின், மருந்துக்கடையின், மேல்மாடியில் காசுக்கு நோயாளிகள் பார்ப்பார். சனல் பண்ணுவது என்று சொல்வோமே, அதுதான். வேலை நேரத்துக்கு வெளியே பெரும்பாலான விசேட டொக்டர்மார் செய்கிற காரியம். கதவடியில் நின்று நம்பர் கூப்பிடவும் மொழிபெயர்க்கவும் நானும் போவேன்.

ஒரு ஞாயிறு, நம்பரைக் கூப்பிட்டேன். ஒரு வாலிபர் முன்னே ஏறி வந்தார். பின்னால் முக்காட்டைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெண். படி ஏறி நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"அட மிஸ்ஸி! நீங்க இங்கயுமா?"

வாலிபர் நின்ற இடத்திலேயே நின்றார். திரும்பிப் போய்விடலாமா என்று படியைப் பார்த்தார். அதற்குள் உள்ளேயிருந்து டொக்டர், "வாங்க அம்மா, அந்தக் கை எங்கே போச்சு?" என்று கேட்டுவிட்டார். முத்துலெச்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகன் டொக்டரைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். ஒன்றும் விளங்கவில்லை. ஒரு நாளாவது கேட்டைத் தாண்டி உள்ளே வந்திருந்தால் டொக்டரின் முகமாவது தெரிந்திருக்கும்.

அவர் பெயர் சந்திரகுமார். உட்கார வைத்து விஷயத்தைக் கேட்டோம். அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டினார்.

"அம்மா மொகம் கறுத்ததும் லயத்துல ஒவ்வொருத்தரா கேக்க ஆரம்பிச்சாங்க மிஸ். மருந்து பிழையோன்னு எனக்கும் பயம். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல, அதனால அம்மாவும் என்னோட அரசாங்கக் காப்புறுதிக்குள்ள வாறாங்க. அப்ப ஒரு நல்ல தோல் டொக்டரா, காப்புறுதி ஏத்துக்கிறவரா, தனியா பாத்துரலாம்னு தேடினேன். கினிகத்தேனையில கேட்டேன். நாவலப்பிட்டியில கேட்டேன். ஒரு எடத்துல ஆஸ்பத்திரியில படுத்தாத்தான் காப்புறுதி குடுக்கும்னாங்க. இன்னொரு எடத்துல பாத்தவரு தோல் டொக்டரே இல்ல, களிம்பு எழுதிக் குடுத்தாரு. கடைசியிலதான் கீழ பாமசியில, ஞாயித்துக்கெழமை தோல் டொக்டர் வாறாரு, காப்புறுதிக்கு பில் எழுதித் தருவாருன்னு சொன்னாங்க. சந்தோசமா நம்பர் போட்டேன்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. ஏனென்றால் அதற்குள் முத்துலெச்சுமி மேசைமேல் கையை வைத்துவிட்டாள். சுண்டுவிரல் உள்ளே வளையத் தொடங்கியிருந்தது. டொக்டர் ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்து வைத்தார். இழுக்கவே தேவையிருக்கவில்லை, தானாக விழுந்தது.

"தம்பி, கறுத்த மொகம் வெளுக்கும்னு அம்மாகிட்ட மொத மாசமே சொன்னேன். மடங்குன வெரலு நிமிராதுன்னும் சொன்னேன். நீங்க மொகத்தைப் பாத்துட்டுக் கையை விட்டுட்டீங்களே!" என்று கத்திவிட்டேன். டொக்டர் கையைக் காட்டி என்னை அமர்த்தினார்.

பிறகு அவரே சந்திரகுமாரிடம் சிங்களத்தில் பேசினார். வாத்தியாருக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். "இந்த மாத்திரையைக் கொழும்பில் எவ்வளவு பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வாங்க முடியாது. கடைகளில் விற்பதில்லை. அரசாங்கக் கிளினிக்கில்தான் இருக்கிறது, சும்மா கொடுக்கிறோம். அதற்குக் காப்புறுதி எதற்கு? இந்தப் பக்கத்துக்குத் தோல் டொக்டர் நான் ஒருவன்தான். நீ எந்தக் கதவால் வந்தாலும் உள்ளே நான்தான் உட்கார்ந்திருப்பேன். ஆனால் மருந்து இருப்பது அந்தக் கதவுக்குப் பின்னால்."

"அப்ப அந்த மருந்தை இங்க வச்சுக் குடுத்துருங்க சேர். எவ்வளவு வேணும்னாலும் கட்டுறேன்."

"முடியாது" என்றார் டொக்டர். "மிஸ்ஸியின் முன்னால் விழுங்க வேண்டும். நான் ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உன்னையும் பார்க்க வேண்டும்."

சந்திரகுமாரின் முகம் இறுகியது. தமிழில் என்னிடம் திரும்பினார். "அந்த வாங்குல அம்மா உக்காந்தா போதும் மிஸ். என்கிட்டப் படிக்கிற பிள்ளைங்களோட தாய் தகப்பன் எல்லாம் அங்கதான் வாறாங்க. நாளைக்கு என் வகுப்புல பிள்ளைய வைக்க மாட்டாங்க. எனக்குப் பொண்ணு பேசிக்கிட்டு இருக்காங்க, அதுவும் நின்னு போயிரும். உங்களுக்கு லேசா இருக்கு."

அது எனக்கு உறைத்தது. அவர் சொன்னது பொய்யில்லையே. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? அந்த வாங்கில் உட்கார்ந்தவர்களைப் பற்றி பஸ்ஸில் பேசுவதை நானே காதால் கேட்டிருக்கிறேன்.

அதற்குப் பதில் சொன்னது முத்துலெச்சுமி. அதுவரைக்கும் விழுந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், அதை எடுத்து மறுபடியும் விரலுக்கிடையில் வைத்துப் பார்த்தாள். நிற்கவில்லை.

"எத்தனை கடை ஏறி எறங்குறது தம்பி? எல்லாரும் களிம்புதான் குடுக்குறாங்க" என்றாள் மகனிடம். குரலை உயர்த்தவில்லை. "ஒனக்கு வெக்கம்னா நீ வெக்கப்பட்டுக்க. எனக்குக் கை வேணும்." பிறகு டொக்டரிடம் திரும்பி, "புதன்கெழம வாறேன் சாமி" என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டாள். முக்காடு தோளில் விழுந்து கிடந்தது. அதை இழுத்துவிடாமலே படி இறங்கினாள்.

நான் பாமசிக்காரரிடம் சொல்லிக் கட்டிய காசைத் திருப்பிக் கொடுக்க வைத்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே சந்திரகுமாரின் முகமும் நினைவில் வந்துகொண்டிருந்தது. அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

புதன்கிழமை சொன்னபடியே வந்தாள், தனியாக. விட்ட இடத்திலிருந்து மருந்து தொடங்கியது. நரம்பு வீக்கத்துக்கு டொக்டர் வேறு மாத்திரையும் சேர்த்தார். விரலை நீட்டி மடக்கும் பயிற்சியை மெழுகு வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். கையின் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுண்டுவிரல் முழுசாக நிமிரவில்லை. மற்ற விரல்கள் தப்பின. கொழுந்து பறிக்க அது போதும் என்றாள். மருந்து முடிந்து ஒரு வருஷத்துக்குள் முகமும் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால், மருந்து மறுபடியும் தொடங்கிய அடுத்த மாதத்துப் புதன்கிழமையைப் பற்றி. கிளினிக் தொடங்குமுன் நம்பர் கொடுக்க வெளியே வந்தேன். வாங்கின் நடுவில் முத்துலெச்சுமி. பக்கத்தில் சந்திரகுமார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற உடுப்போடு, கழுத்துப்பட்டியும் கட்டி, நேராக உட்கார்ந்திருந்தார். அம்மா வற்புறுத்தினாளா, டொக்டர் சொன்னது உறுத்தியதா, தெரியாது. நான் கேட்கவும் இல்லை. காது நுனி மட்டும் சிவந்திருந்தது. நம்பர் துண்டைக் கொடுத்தபோது, "என்னையும் பாக்கணும்னு சேர் சொன்னாருதானே மிஸ்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் கேட் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். கையைப் பிடித்தபடி பத்து வயசு மதிக்கத்தக்க மகள், பள்ளிக்கூடச் சீருடையில். வாங்குக்குக் கிட்ட வந்ததும் அந்தப் பிள்ளை, "அம்மா, எங்க சேர்!" என்றது. வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சந்திரகுமார் எதற்குப் பயந்தாரோ அதுவே எதிரில் வந்து நின்றது. ஓடிப்போய் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்றுகூட நினைத்தேன்.

"சேர், நீங்க இங்க...?" என்று இழுத்தாள் அந்தப் பெண்.

சந்திரகுமார் எழுந்தார். "அம்மாவுக்கு மருந்து எடுக்க வந்தேன்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "மாசாமாசம் வரணும். இனி நாங்க இங்கதான் வருவோம்."

அந்தப் பெண் முத்துலெச்சுமியின் கறுத்த முகத்தைப் பார்த்தாள். மடங்கிய விரலைப் பார்த்தாள். விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. மகளை இழுத்துக்கொண்டு திரும்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"நானும் எத்தனையோ பொதங்கெழம கேட் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனேன் சேர்" என்றாள் அவள். "யாராச்சும் பாத்துருவாங்களோன்னு. இன்னைக்கும் போயிருப்பேன். கேட்லயிருந்து நீங்க உக்காந்திருக்கிறதைப் பாத்துத்தான் உள்ள வந்தேன்." பிள்ளையைத் திருப்பி நிறுத்தி, சட்டையின் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். முதுகில் மங்கலாக ஒரு படை.

சந்திரகுமார் அதைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த நம்பர் துண்டை என்னிடம் நீட்டினார்.

"மிஸ், எங்க நம்பருக்கு மொதல்ல இந்தப் பிள்ளைய உள்ள விடுங்க. நாங்க இருக்கோம்."